இரும்பு மாத்திரை, கொய்யா, தே தாரிக்: ஒரு சமையலறைக் கணக்கு

பிப்ரவரியில் என் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்த அளவு) 9. ஆகஸ்டில் 36. அதே இடைவெளியில் ஹீமோகுளோபின் 11.4-இல் இருந்து 12.9-க்கு ஏறியது. இந்தக் காலத்தில் நான் விழுங்கிய இரும்பு கூடவில்லை. மாத்திரைக் கணக்கில் பார்த்தால் பாதியாகக் குறைந்தது. உடம்புக்குள் போனது மட்டும் கூடியிருக்கிறது. எந்தெந்த மாற்றம் பலன் தந்தது, எது வீண் வேலை என்பதைச் சமையலறை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். சைவச் சமையல் நடக்கும் வீடுகளில் யாருக்காவது உதவலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, இரும்பு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது. நான் பல ஆண்டுகளாக ரத்த தானம் செய்பவள். சிங்கப்பூரில் முழு ரத்தம் கொடுப்பதற்கு இடையே 12 வாரம் விட வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஒருமுறை கொடுக்கும் 450 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 56 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். ஒரு கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு என்றால் மொத்தம் 190 மில்லிகிராம் வெளியே போகிறது. சராசரி உணவிலிருந்து குடல் எடுத்துக்கொள்வதோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அந்த வரவு முழுவதையும் சேமித்தாலும் 12 வாரத்தில் ஈடுகட்ட முடியாது. அதிலும் மாதவிலக்கின் செலவு தனி. இந்தக் கூட்டல் கழித்தலை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்ததில்லை.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் அது இரும்புக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமப்பதாலும் இருக்கலாம். இரண்டாவது வகையினருக்கு இரும்பு போதிய அளவில் இருந்தால் மாத்திரை தேவையில்லை. வீணாகச் சேர்ந்தால் கெடுதல். அதனால்தான் ஃபெரிட்டின் பார்த்தார். 15-க்குக் கீழே என்றால் கையிருப்பு காலி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். என்னுடையது 9. ஆகவே சோதனை பார்க்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

கிடைத்தது இரும்பு ஃபியூமரேட் 200 மில்லிகிராம். 200 என்பது சேர்மத்தின் எடை. அதில் உள்ள தனி இரும்பு 65 மில்லிகிராம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் பெட்டிகளை ஒப்பிடுகிறார்கள். ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு; குளுகோனேட்டில் 12 விழுக்காடு மட்டுமே. அதாவது 250 மில்லிகிராம் குளுகோனேட் மாத்திரையில் 30 மில்லிகிராம் இரும்பு. எண் பெரிதாக இருக்கிறது என்று வாங்குவதும், சிறிதாக இருக்கிறது என்று ஒதுக்குவதும் அர்த்தமில்லை.

ஆரம்பத்தில் தினமும் காலை உணவோடு போட்டேன். இரண்டு தோசை, சாம்பார், மாத்திரை, உடனே ஒரு குவளை தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர். வயிறு எரிந்தது, மலம் கறுத்து இறுகியது. இடையில் எடுத்த ஒரு சோதனையில் ஃபெரிட்டின் 12. அவ்வளவு அவதிக்கு மூன்று புள்ளி. குடலில் தங்கிய இரும்பு தொல்லை மட்டும் தந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் நேரத்தை மாற்றத் தொடங்கினேன். 2023-இல் வெளிவந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு எனக்கு அட்டவணை போடக் கைகொடுத்தது. இரும்புக் குறைவுள்ள பெண்களுக்கு 100 மில்லிகிராம் இரும்பைப் பல விதமாகக் கொடுத்து அளந்திருக்கிறார்கள். காலையில் வெறும் தண்ணீரோடு போட்டதை அடிப்படையாகக் கொண்டால், காப்பியோடு போட்டபோது உறிஞ்சுதல் 54 விழுக்காடு குறைந்தது. காப்பியும் காலை உணவும் சேர்ந்தபோது 66 விழுக்காடு. 80 மில்லிகிராம் வைட்டமின் சி சேர்த்தபோது 30 விழுக்காடு கூடியது. 500 மில்லிகிராம் சேர்த்தும் அதற்கு மேல் ஏறவில்லை. மாலைக்குத் தள்ளினால் காலையைவிடக் குறைவு. காப்பியைப் போலத் தேயும் இரும்பை மறிக்கும் என்பதால், தோசையும் தேயும் மாத்திரையும் என்ற என் வழக்கம் இந்தப் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தது.

புதிய ஏற்பாடு இது. காலை 6 மணி, வெறும் வயிறு, ஒரு தம்ளர் தண்ணீர், மாத்திரை, ஒரு துண்டு கொய்யா. 7.30-க்குக் காலை உணவு. தே 9.30-க்கு, அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில். தே தாரிக்கை விடச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டாலே தடை பெரிதும் குறைகிறது; நான் இரண்டு மணி நேரம் விட்டேன்.

அடுத்தது ஒருநாள் விட்டு ஒருநாள். பெரிய அளவு இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிக் குடலின் கதவைச் சாத்துகிறது. 60 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தப் பாதிப்பு மறுநாள் வரை நீடிக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் தினமும் போட்டவர்கள் மாத்திரையில் 16.3 விழுக்காட்டை உறிஞ்சினார்கள். ஒருநாள் விட்டுப் போட்டவர்கள் 21.8 விழுக்காட்டை. மருத்துவரிடம் கேட்டேன், சரி என்றார். கடுமையான சோகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம், அவர்கள் தாங்களாக மாற்றக் கூடாது என்றும் சொன்னார். காலண்டரில் ஒற்றைப்படைத் தேதிகளை வட்டமிட்டேன். 31-க்குப் பிறகு 1 வரும்போது மட்டும் ஒன்றை விட வேண்டும். வயிற்று எரிச்சல் பாதியாயிற்று.

கொய்யாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் எலுமிச்சையைத்தான் நம்பினேன். எலுமிச்சைச் சாற்றில் 100 கிராமுக்கு 30 முதல் 40 மில்லிகிராம் வைட்டமின் சிதான். ஒரு மேசைக்கரண்டி பிழிந்தால் ஐந்தாறு மில்லிகிராம். உணவில் உள்ள இரும்புக்கு எவ்வளவு வைட்டமின் சி வேண்டும் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு: பைட்டேட் (தானியம், பருப்பில் இருந்துகொண்டு இரும்பைப் பிடித்துவைக்கும் பொருள்) குறைவான உணவில் ஒரு மில்லிகிராம் இரும்புக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம், முழுத் தானியம், பருப்பு போன்றவற்றில் அதன் இரட்டிப்பு. 4 மில்லிகிராம் இரும்புள்ள ஒரு வேளை உணவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் வேண்டும். அவல் உப்புமாவின் மேல் சொட்டும் எலுமிச்சை அந்த வேலைக்குப் பத்தாது. தேக்கா சந்தையில் கிலோ 4 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய பச்சைக் கொய்யாவில், வகைக்கு வகை மாறினாலும், குறைத்துக் கணக்கிட்டு 100 கிராமுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டேன். 80 கிராம் துண்டு, தராசில் வைத்து அறுத்தது. 1000 மில்லிகிராம் நுரைக்கும் மாத்திரைக்கு 12 வெள்ளி கொடுத்திருந்தேன். பாதிக் குழாய் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இன்னொன்று, மாத்திரையோடு வைட்டமின் சி சேர்த்து மாதக்கணக்கில் பார்த்த ஆய்வில் ஹீமோகுளோபின் ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கொய்யாவின் உண்மையான இடம் மாத்திரைக்குப் பக்கத்தில் இல்லை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில். இப்போது மதியச் சாப்பாட்டோடும் ஒரு துண்டு கொண்டுபோகிறேன்.

இனி, இரும்பு செறிவூட்டிய உணவுகள். வீட்டில் அப்போது மூன்று இருந்தன: காலைத் தானியத் துகள், சாக்லேட் மால்ட் பானத் தூள், கோதுமை மாவு. மூன்றின் உறையிலும் இரும்பு என்று பெரிதாக எழுதியிருந்தது. எந்த இரும்பு என்பது மூலப்பொருள் பட்டியலில் சின்ன எழுத்தில் ஒளிந்திருந்தது.

தானியத் துகளில் "இரும்பு" என்று மட்டும் போட்டிருந்தது. சிம் லிம் டவரில் 3 வெள்ளிக்கு ஒரு நியோடிமியம் காந்தம் வாங்கினேன். 100 கிராம் துகளை மிக்சியில் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஜிப் பைக்குள் போட்டு, காந்தத்தைப் பையின் வெளியே வைத்துக் கால்மணி நேரம் மெதுவாக ஆட்டினேன். காந்தத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு திரண்டது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதையா பிள்ளைக்குக் கொடுக்கிறாய்? இது ஆணித்தூள் மாதிரி இருக்கிறதே!" என்றார். "ஆணித்தூளேதான், அத்தை. வயிற்றுப் புளிப்பு கரைத்துவிடும்" என்றேன். அவர் சமாதானமாகவில்லை. உறையில் போட்டிருந்த அளவு 100 கிராமுக்கு 14 மில்லிகிராம். எடை பார்க்க முயன்றேன், 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு 0.01-க்கும் 0.02-க்கும் நடுவே தடுமாறிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் நுட்பமான தராசுக்கு நான் செலவு செய்யவில்லை.

இந்தத் தனி இரும்புத் தூள் விலை குறைவு, மாவின் நிறத்தையும் சுவையையும் கெடுக்காது, அதனால் உற்பத்தியாளர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கரைவது மெதுவாக. மின்பகுப்பு முறையில் தயாரித்த இரும்புத் தூளைச் சேர்ப்பதானால் இரும்பு சல்பேட்டைப் போல் இரண்டு மடங்கு சேர்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பானத் தூளில் இருந்தது இரும்பு பைரோபாஸ்பேட். அதற்கும் அதே இரண்டு மடங்குதான். காந்தம் அதைச் சீண்டவே இல்லை. பைரோபாஸ்பேட் உப்பு வகை என்பதால் ஒட்டாது. காந்தச் சோதனையில் ஒன்றும் வராவிட்டால் இரும்பே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தப் பானத்தின் பெரிய சிக்கல் வேறு. கோக்கோவில் இருக்கும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள் ஒரு பக்கம், பாலின் கால்சியம் மறுபக்கம், இரண்டுமே இரும்பை மறிப்பவை. இரும்புக்காகக் குடிக்கிறோம் என்ற எண்ணத்தை மட்டும் கைவிட்டோம். பிள்ளைகள் சுவைக்காகத் தொடர்ந்து குடிக்கிறார்கள். தானியத் துகளைப் பால் ஊற்றாமல், மாலைப் பலகாரமாக, ஆரஞ்சுச் சுளையோடு சாப்பிடப் பழக்கினேன்.

கோதுமை மாவில்தான் நல்ல சேதி. சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில், இந்தியாவில் செறிவூட்டிய உணவுக்குப் போடும் நீல நிற +எஃப் முத்திரை கொண்ட 5 கிலோ பை கிடைத்தது, 11 வெள்ளி. பட்டியலில் சோடியம் இரும்பு ஈடிடிஏ. இந்த வகைக்கு அங்குள்ள விதி கிலோவுக்கு 14 முதல் 21.25 மில்லிகிராம், பிற இரும்பு வகைகளுக்கு 28 முதல் 42.5. பாதியளவு போதும் என்று விதியே ஒத்துக்கொள்கிறது, காரணம் ஈடிடிஏ இரும்பை அணைத்துக்கொண்டு பைட்டேட்டிடமிருந்து காப்பாற்றுகிறது. தவிடு நீக்காத மாவுக்கு இதுதான் பொருத்தம். நான்கு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு என்றால் சேர்த்த இரும்பு இரண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும். சிறியது, ஆனால் தினமும் வருவது, என் பங்குக்கு எந்த வேலையும் இல்லாமல்.

வேலை வாங்கியது கேழ்வரகு. இந்தப் பகுதிக்கு நான் செலவிட்ட நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முளைகட்டினால் பைட்டேட் குறையும், அதனால் இரும்பு கூடுதலாகக் கிடைக்கும் என்பது சரியான செய்திதான். 500 கிராம் கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். இந்த ஊர் ஈரப்பதத்தில் இரண்டாம் நாளே பூசணம் பூத்துப் புளித்த வாடை அடித்தது. மொத்தமும் குப்பைக்குப் போனது. அடுத்த தொகுதிக்குத் துணியை விட்டுவிட்டு, எஃகுச் சல்லடையில் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் பரப்பி, காலையும் மாலையும் குழாயடியில் அலசினேன். முளை அரை சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்தினேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வெயில் எங்கே? மூங்கில் கழியில் துணிகூடக் காயாத மழைக்காலம். மின்விசிறிக்கடியில் ஓர் இரவு, பிறகு மின்னடுப்பில் (ஓவன்) 60 டிகிரியில் கதவை இம்மி திறந்து வைத்து ஐந்து மணி நேரம். மிக்சியில் அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்தபோது 500 கிராமில் 370 கிராம் தேறியது. மேல்தோலின் கறுத்த தவிட்டோடு பாலிஃபீனாலில் பெரும்பகுதியும் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை.

அதோடு நின்றிருக்கலாம். பைட்டேட்டைச் சிதைக்கும் நொதி கேழ்வரகில் குறைவு, முழுக் கோதுமையில் அதிகம் என்று படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. 12 வெள்ளிக்குச் சமையல் வெப்பமானி, 6 வெள்ளிக்கு அமிலக் காரத் தாள். 50 கிராம் கேழ்வரகு மாவு, ஒரு தேக்கரண்டி முழுக் கோதுமை மாவு, இரண்டையும் 55 டிகிரித் தண்ணீரில் கரைத்து, மோர் விட்டுப் புளிப்பு அளவை (pH) 5-க்கு அருகே கொண்டுவந்து, சுடுநீர்க் குடுவையில் ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். பிறகு காய்ச்சினால் கூழ் கெட்டிப்படவே இல்லை. முளைகட்டிய மாவின் இன்னொரு நொதி மாவுச்சத்தையும் சேர்த்து அறுத்துவிட்டது. குடிக்க நன்றாக இருந்தது, இளநீர் பதத்தில். பிறகு மாவை ஒன்றரைப் பங்காக்கினேன். இதில் எவ்வளவு பைட்டேட் போனது என்று அளக்க வீட்டில் வழியில்லை, நம்பிக்கைதான்.

ஆனால் இந்திய உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள்: கேழ்வரகு 100 கிராமில் இரும்பு 4.6 மில்லிகிராம், கால்சியம் 364 மில்லிகிராம். கால்சியமே இரும்பை மறிக்கும். எலும்புக்கு அருமையான தானியம். இரும்புக்கு நான் இனி இதைத் தேடிப் போக மாட்டேன். இவ்வளவு மெனக்கெட்டதன் பலனை, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளியதோடு ஒரே நாளில் பெற்றிருக்கலாம்.

இட்லி மாவு வேறு கதை. புளிப்பதே பைட்டேட்டைக் குறைக்கிறது, தனி முயற்சி வேண்டாம். இந்த ஊர்ச் சூட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது; அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

கடைசியாக இரும்புச் சட்டி. 2 கிலோ எடை, 28 வெள்ளி. புளிப்பான, நீர்ப்பதமான சமையலில்தான் சட்டி இரும்பு விடும். 1986-இல் அமெரிக்காவில் அளந்தபோது ஸ்பகெட்டிக்கான தக்காளிச் சாஸ் 100 கிராமில் 0.6 மில்லிகிராமில் இருந்து 5.8 ஆகியது. வத்தக்குழம்பு வைத்தேன். சட்டியிலேயே விட்டு ஆறவைத்ததில் கறுத்து, நாக்கில் காசு வைத்த சுவை. இப்போது கொதித்து இறங்கியதும் மண்பாத்திரத்துக்கு மாற்றுகிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. துருப்பிடிக்காமல் இருக்கத் துடைத்து நல்லெண்ணெய் தடவுவது என் கணவரின் வேலை.

செலவுக் கணக்கு: காந்தம் 3, வெப்பமானி 12, தாள் 6, நுரைக்கும் மாத்திரை 12, சட்டி 28. மொத்தம் 61 வெள்ளி. இதில் சட்டி ஒன்றுதான் இன்னும் அடுப்பில் இருக்கிறது. கொய்யா தனி, வாரம் 5 வெள்ளிக்குள். மறுபடி தொடங்கினால் முதல் மாதம் மாத்திரை நேரத்தையும் தேநீரையும் மட்டும் மாற்றி, ரத்தம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். எல்லாவற்றையும் அடுத்தடுத்து மாற்றியதால் 36-இல் எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க முடியவில்லை. தானத்தை ஆண்டுக்கு இரண்டாகக் குறைத்துக்கொள்வேன்.

இப்போது நோட்டில் ஓடுவது அத்தையின் பக்கம். அவருக்கும் ஃபெரிட்டின் குறைவு. அந்த வயதில் குறைந்தால் குடலில் கசிவு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே மாத்திரை வந்தது. சிக்கல் என்னவென்றால் காலை 6 மணி அவருடைய தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்குச் சொந்தம்; அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையும் உண்டு, அதுவும் இரண்டிடமிருந்தும் விலகி நிற்க வேண்டும். மருந்தாளரோடு உட்கார்ந்து போட்ட வரிசை: 6-க்குத் தைராக்சின், 7.30-க்குக் காலை உணவு, 11-க்கு இரும்பு, 1-க்குச் சாப்பாடு, இரவு உணவோடு கால்சியம். இடறியது அவருடைய 10.30 மணிக் காப்பி. "மாத்திரையை வேண்டுமானால் விடுகிறேன், காப்பியை விட மாட்டேன்" என்றார். பேரம் பேசிக் காப்பியை முன்னால் இழுத்து 7.30-க்கு வைத்துவிட்டேன். கொய்யா பல்லில் சிக்குகிறது என்பதால் மிக்சியில் அடித்து, விதையை வடிகட்டி, உப்பும் மிளகும் தூவிக் கொடுக்கிறேன். அடித்ததும் குடித்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து மதியத்துக்கு எடுத்தால் வைட்டமின் சி குறைந்துவிடும்.